நான் மூடிய கூரை

தினமும் காலை எட்டரை மணிக்கு ஒரு கண்ணாடி அறையில் நின்றுகொண்டு, எதிரே தெரியும் இரும்புக் கூரையை நோக்கி ஆள்காட்டி விரலை நீட்டி, "தண்டவாளம், யோஷி!" என்று கத்துகிறேன். யோஷி என்றால் சரி, எல்லாம் ஒழுங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து காற்றுமானிக்கு ஒரு யோஷி, எச்சரிக்கை விளக்குக்கு ஒரு யோஷி. பக்கத்தில் நிற்பவரும் அதே திசையில் விரலை நீட்டி அதையே திருப்பிக் கத்துவார். வந்த புதிதில் என்னால் சிரிப்பை அடக்க முடியாது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இந்த நாட்டில் ரயில் ஓட்டுகிறவரிலிருந்து சாலையில் குழி தோண்டுகிறவர் வரை இப்படித்தான் வேலை செய்கிறார்கள். வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைக் கண் பார்த்தது என்று இவர்கள் ஒப்புக்கொள்வதே இல்லை. மூன்று வருடத்தில் எனக்கும் பழகிவிட்டது. இப்போது வீட்டைப் பூட்டும்போதுகூட காஸ் அடுப்பை நோக்கி விரல் நீட்டுகிறேன்.

நான் வேலை பார்ப்பது ஜப்பானின் ஒரு துறைமுக நகரத்தில் உள்ள கால்பந்து மைதானத்தில். கால்பந்து மைதானம் என்று பெயர்தானே தவிர, மாதத்தில் சில நாட்கள்தான் அங்கே பந்து உருளும். மற்ற நாட்களில் பாட்டுக் கச்சேரி, கார் கண்காட்சி, ஏதாவது கம்பெனியின் விளையாட்டு விழா, பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டப் பந்தயம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கூரை. இரண்டு பாதியாக, தண்டவாளத்தில் ஊர்ந்து வந்து நடுவில் ஒன்று சேரும். முழுதாக மூட இருபது நிமிடம் ஆகும். அதை மூடித் திறக்கும் கட்டுப்பாட்டு அறையில் நான் மின் பராமரிப்புக்காரி. திருவனந்தபுரத்தில் பாலிடெக்னிக் முடித்து, கழக்கூட்டத்தில் ஓர் அலுவலக வளாகத்தின் லிஃப்டையும் ஜெனரேட்டரையும் பார்த்துக்கொண்டிருந்தவளை, ஜப்பானிய மொழித் தேர்வு ஒன்று இங்கே கொண்டு வந்து சேர்த்தது.

நம் ஊரில் கால்பந்துக்கும் மழைக்கும் ஒரு சண்டையும் கிடையாது. பொழியூர் பக்கம் கடற்கரை மணலில் பையன்கள் கொட்டுகிற மழையில் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். குடை இல்லாதவன் குடை வைத்திருப்பவனுக்குள் நுழைந்துகொள்வான். இங்கே கூரை திறந்திருப்பதா மூடியிருப்பதா என்று தீர்மானிக்க ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்துக்கு முன்னால் ஒரு கூட்டம். ஏனென்றால் கூரைக்குக் கீழே புல் இருக்கிறது. புல்லுக்கு வெயில் வேண்டும், காற்று வேண்டும். கூரையோ இரண்டையும் தடுக்கிறது. கச்சேரிக்காரர்கள் நாலு நாள் மூடி வைத்துவிட்டுப் போனால் புல் வெளிறிக் கிடக்கும். பிறகு பெரிய பெரிய விளக்குகளைச் சக்கரத்தில் தள்ளிக்கொண்டு வந்து அதற்குச் செயற்கை வெயில் காட்டுவார்கள். புல்லைப் பார்த்துக்கொள்கிறவர் ஹிராதா-சான்; சான் என்பது நம் ஊர் 'சார்' மாதிரி மரியாதைக்கு. ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். காலையில் மைதானத்தின் நடுவில் குப்புறப் படுத்து, கன்னத்தைப் புல்லில் வைத்துப் பார்ப்பார். அவரை முதன்முதலில் அப்படிப் பார்த்தபோது மயக்கம் போட்டு விழுந்துவிட்டார் என்று பதறி முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அவர் எழுந்து, குனிந்து வணங்கி, நான் மிதித்து வந்த தடத்தைக் கையால் நீவிவிட்டார்.

என் கைபேசியில் இரண்டு ஊர்களின் வானிலை இருக்கிறது. ஒன்று வேலைக்கு. இன்னொன்று எதற்கு என்று எனக்கே தெரியாது. திருவனந்தபுரத்தில் மழை என்று காட்டினால் வீட்டுக்கு ஒருமுறை கூப்பிடுகிறேன், வெயில் என்று காட்டினாலும் அதேதான். என் கணவர் சிவகுமார் கிழக்கேகோட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறார். மகள் கௌரிக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. நான் விமானம் ஏறியபோது அவளுக்கு ஐந்து. "சீக்கிரம் உன்னையும் கூட்டிட்டுப் போவேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அந்தச் 'சீக்கிரம்' மூன்று வருடமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. கடைசியில் சென்ற கோடையில் ஒரு வழி திறந்தது. மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது, அதை மூன்று வருடத்துக்கு நீட்டிக்கப் பரிந்துரை செய்வதாக எங்கள் அறையின் தலைவர் ஓகாவா-சான் சொன்னார். மூன்று வருட ஒப்பந்தம் கையில் இருந்தால் சிவகுமார் வேலையை விட்டுவிட்டு வருவார், கௌரி ஏப்ரலில் இங்கே பள்ளியில் சேருவாள். அன்றிலிருந்து எனக்கு நிலை கொள்ளவில்லை. சமையலறை போக ஒற்றை அறை உள்ள என் வீட்டில் மூன்று பேர் எப்படிப் படுப்பது என்று தரையில் ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

இலையுதிர்கால வாரநாள் ஒன்று. காலைக் கூட்டத்தில் ஹிராதா-சான் எழுந்து நின்றார். முந்தின நாள் குளிர்காலப் புல்லின் விதையைத் தூவி முடித்தாயிற்று என்றார். "இன்று பிற்பகல் மழை வரும்" என்றார். குனிந்து வணங்கினார், உட்கார்ந்தார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள், நானும் ஆட்டினேன். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. மொழி தெரியாமல் நடந்த பிசகு என்று யாரும் எனக்குப் பரிந்து பேச வேண்டாம்.

பிற்பகல் இரண்டு மணிக்கு ஓகாவா-சான் அலுவலகத்துக் கூட்டத்துக்குப் போயிருந்தார். என்னோடு இருக்க வேண்டிய இன்னொருவர் கீழ்த்தளத்தில் ஒரு பம்பைப் பார்க்கப் போயிருந்தார். தென்மேற்கில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மைதானத்தின் ஓரத்தில், வார இறுதிப் பிள்ளைகள் விழாவுக்காக அட்டைப்பெட்டிகள் தள்ளுவண்டிகளில் அடுக்கியிருந்தன. கண்ணாடியில் முதல் சொட்டு விழுந்தது.

இந்த இடத்தில் நீங்கள் என் அப்பாவின் கடையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். திருவனந்தபுரத்தில் சாலை என்றே பெயருள்ள கடைத்தெருவில் மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். கடைக்குள் இருப்பதைவிட வெளியே நடைபாதையில் அடுக்கியிருக்கும் சாக்குகள்தான் அதிகம். திருவனந்தபுரத்து மழை உங்களுக்குத் தெரியும், ஜூன் மாத இடவப்பாதியோ ஐப்பசித் துலாவர்ஷமோ சொல்லிவிட்டு வராது. தெருவின் ஒரு முனையில் யாராவது "மழை!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். வேறு சொல் தேவையில்லை. அடுத்த நிமிடம் தெரு முழுக்கத் தார்ப்பாய் விரியும். உன் கடை என் கடை என்று யாரும் பார்ப்பதில்லை, கைக்கு எட்டிய சாக்கை மூட வேண்டும், அவ்வளவுதான். பத்து வயதில் ஒருநாள் பள்ளிச் சீருடையோடு, எதிர்க்கடை நாசர் இக்கா தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், அவருடைய மல்லிச் சாக்குகள் மேல் தார்ப்பாயைப் போட்டுவிட்டு அதன் ஓரத்தில் செங்கலாக நானே உட்கார்ந்திருக்கிறேன். திரும்பி வந்தவர் நன்றி சொல்லவில்லை. அதற்கெல்லாம் யாரும் நன்றி சொல்வதில்லை. மூடாமல் வேடிக்கை பார்த்திருந்தால்தான் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார்.

ஆக, கண்ணாடியில் சொட்டு விழுந்ததும் என் கை போய்விட்டது. கூரையை இரண்டு பேர் சேர்ந்துதான் நகர்த்த வேண்டும் என்பது விதி. ஒருவர் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் தண்டவாளத்தை நோக்கி விரல் நீட்டி யோஷி என்று கத்தினேன், திருப்பிச் சொல்ல ஆள் இல்லாததால் அதையும் நானே கத்தினேன். காற்றுமானிக்கும் இரண்டு யோஷி. அபாயச் சங்கை ஒலிக்கவிட்டு விசையைத் திருப்பினேன். கூரையின் இரண்டு பாதியும் நகரத் தொடங்கின. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு சொட்டு உள்ளே விழாமல் பார்த்துக்கொண்டேன் என்று மாலையில் சிவகுமாரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே ஹிராதா-சான் ஓடி வருவது தெரிந்தது. அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததே இல்லை. மைதானத்தின் விளிம்பில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறியாக வைத்துக் காட்டினார். நான் பதிலுக்குக் கையை அசைத்தேன். அவர் இன்னும் வேகமாகப் பெருக்கல் குறி போட்டார். என்னவோ சரியில்லை என்று எனக்கு உறைத்தபோது கூரை முக்கால்வாசி மூடியிருந்தது. பாதியில் நிறுத்தி வைக்க முடியாது, மூடி முடித்துத்தான் திறக்க வேண்டும். மூடி முடித்தபோது காற்று எழுந்துவிட்டது. காற்றுமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் கூரை நகராது. அன்று தாண்டியது. அடுத்த நாளும் இறங்கவில்லை.

ஹிராதா-சான் படியேறி மேலே வந்தார். மூச்சு வாங்கியது. கோபத்தில் கத்தியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும், சாலைக் கடைத்தெருவில் வளர்ந்தவளுக்கு அது ஒரு பாடு இல்லை. அவர் மெதுவாகப் பேசினார்.

"மழை வரும் என்று காலையில் சொன்னேன்."

"ஆமாம், சொன்னீர்கள். அதனால்தான் மூடினேன்."

"மழை வரும் என்பதால்தான் நேற்று விதைத்தேன்."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் விதை ஓடி ஓரத்தில் ஒதுங்கிவிடும், மெல்லிய மழைதான் அதை இருந்த இடத்திலேயே மண்ணில் அமர்த்தும், பத்து நாளாக அப்படி ஒரு மழைக்கு அவர் காத்திருந்தார் என்பதெல்லாம் மறுநாள் ஓகாவா-சான் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அட்டைப்பெட்டிகளுக்கு ஏற்கெனவே பிளாஸ்டிக் உறை போட்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. விளக்கு எரிகிறது என்பதை விரல் நீட்டிக் கத்துகிற ஊர் இது. கூரையைத் திறந்தே வையுங்கள் என்ற மூன்று சொல்லை வாய்விட்டுச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் காலைக் கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அது புரிந்திருந்தது, எனக்கு மட்டும்தான் மழை என்றால் மூடு என்று பட்டது. புல்லுக்கு மழை வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும்தான், அந்த நிமிடம் தெரியவில்லை.

இரண்டு நாள் மழை பெய்தது. கூரைத் தகட்டில் அது விழும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. கீழே ஹிராதா-சானும் அவருடைய ஆட்களும் குழாயைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்தார்கள். பலிக்கவில்லை. அடுத்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டியபோது கோல் கம்பத்துக்கு முன்னால் பழுப்புத் திட்டு தெளிவாகத் தெரிந்தது. நான் குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இங்கே தவறு செய்தால் ஷிமாத்ஸுஷோ என்று ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். மன்னிப்புக் கடிதமும் விளக்கக் கடிதமும் சேர்ந்தது மாதிரி. நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்: விதியை மீறினேன், தனியாக இயக்கினேன், வருந்துகிறேன், இனி நடக்காது. ஓகாவா-சான் அதைத் திருப்பிக் கொடுத்தார். "என்ன செய்தீர்கள் என்று இருக்கிறது. ஏன் செய்தீர்கள் என்று இல்லை" என்றார். இரண்டாவது முறை, கவனக்குறைவு என்று எழுதினேன். அதுவும் திரும்பி வந்தது. "கவனமில்லாதவர் எல்லாவற்றுக்கும் யோஷி சொல்லியிருக்க மாட்டார். காமிராவில் பார்த்தேன்." எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. மூன்றாவது முறை சாலைக் கடைத்தெருவைப் பற்றி எழுதினேன். அகராதியைப் புரட்டிப் புரட்டி, வத்தல் சாக்கு, தார்ப்பாய், மழை என்ற குரல், நாசர் இக்கா, எல்லாம். படித்து முடித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்:

"அப்படியென்றால் உங்கள் ஊரில் மழைக்காக யாரும் காத்திருப்பதில்லையா?"

வயல் வைத்திருப்பவர்கள் காத்திருப்பார்கள், நாங்கள் கடைக்காரர்கள் என்றேன். அவர் அதையும் எழுதச் சொன்னார். நான்காவது பிரதிக்கு முத்திரை குத்தினார்.

ஹிராதா-சானிடம் போய் நேரில் மன்னிப்புக் கேட்டேன். குனிந்து வணங்கி ஏற்றுக்கொண்டார். அத்தோடு அவர் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டார். காலைக் கூட்டத்தில் இப்போதெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருகிறார்: இன்று மழை, கூரை திறந்திருக்க வேண்டும். அதை வாசிக்கும்போது எல்லோரும் மேஜையைப் பார்ப்பார்கள். அது எனக்காகத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருநாளாவது வாசிக்க மறந்துவிட மாட்டாரா என்று இருக்கிறது.

ஜனவரியில் ஒப்பந்தம் வந்தது. மூன்று வருடம் இல்லை, ஒரு வருடம். அந்த வார ஞாயிற்றுக்கிழமை சிவகுமாரைக் கூப்பிட்டேன்.

"ஒரு வருஷத்துக்கு வேண்டி நான் வேலைய விடணுமா?" என்றார். "பின்ன திரும்பி வந்தா எனக்க ஸீட்டு அங்க காலியா கெடக்குமா?"

"நான் என்ன செய்ய?"

"நீ எதுக்காக்கும் அந்த சுவிச்சைத் தொட்ட? அது என்ன உங்கப்பா கடையா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதால் இன்னும் வலித்தது. "அப்ப விடுங்க, யாரும் வரண்டாம்" என்றேன். இரண்டு பேரும் திரையில் ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது கௌரியின் முகம் குறுக்கே வந்தது. பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ் என்று அவளுக்கு எல்லாம் கலந்துதான் வரும். ஆண்டு என்பதற்குக் கொல்லம் என்றே சொல்வாள்.

"ஒரு கொல்லம்னா நான் வரேன். அப்பா இங்க இருக்கட்டும்."

"அப்பா இல்லாம இருப்பியாடி?"

"அம்மா, நீ அங்க தனியாட்டுல்லா இருக்க? அப்பாக்கு ஆபீஸ்ல ஆள் உண்டு." பிறகு அவளுக்கு வேறொரு கவலை வந்தது. "அங்க ஸ்கூல் எப்போ?"

"ஏப்ரல்ல."

"அப்போ எனக்கு வெக்கேஷன் இல்லே?"

மார்ச் கடைசியில் அங்கே பள்ளி மூடும், ஜூனில்தான் திறக்கும். இங்கே ஏப்ரலிலேயே தொடக்கம். இரண்டு மாத விடுமுறை அப்படியே பறிபோகிறது. அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "சாரமில்ல" என்றாள். பரவாயில்லை என்று பொருள். சிவகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு, கொண்டுவந்து விட்டுவிட்டு ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்புகிறேன் என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் தாள்கள்தான். அங்கே டி.சி.க்கு விண்ணப்பம், இங்கே நகராட்சி அலுவலகத்தில் ஐந்து படிவம். அனுமதி பிப்ரவரி கடைசியில் வந்தது. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூட்டிக்கொண்டு வந்து அவளை ஒரு வருடத்தில் திருப்பி அனுப்ப நேர்ந்தால்? அவளுக்கு இங்கே பிடித்துப்போய், அப்போது ஒப்பந்தம் நீளாவிட்டால்? பிடிக்காமல் போய், அப்போது நீண்டுவிட்டால்? பேருந்தில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

மார்ச் முதல் வாரத்தில் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். இளம் ஆசிரியை ஒருத்தி என்னை வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே அழைத்துப் போனாள். இங்கே பிள்ளைகள் வெளிச் செருப்பைக் கழற்றிவிட்டு, வகுப்பில் போடுவதற்கென்று ஒரு வெள்ளைத் துணிச் செருப்பு வைத்திருப்பார்கள். அதற்குச் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர அறைகள். நான்காம் வகுப்புப் பகுதியில், கீழிருந்து இரண்டாவது வரிசையில், ஓர் அறையைக் காட்டினாள். அதில் ஏற்கெனவே பெயர் ஒட்டியிருந்தது. அவர்கள் எழுத்தில், கௌரி. ஆள் வருவதற்கு ஒரு மாதம் இருக்கிறது. வாங்கி வைத்திருந்த வெள்ளைச் செருப்பைக் கைப்பையிலிருந்து எடுத்தேன். வீடியோவில் அவள் காலைத் தரை ஓட்டின் மேல் வைக்கச் சொல்லி, ஓட்டின் அளவை வைத்துக் குத்துமதிப்பாக வாங்கியது. சரியாக இருக்குமா என்று தெரியாது. அதற்குள் கால் வளர்ந்தாலும் வளர்ந்திருக்கும்.

செருப்பை உள்ளே வைத்தேன். ஆசிரியை குதிகால் வெளியே தெரியும்படி அதைத் திருப்பி வைத்துக் காட்டினாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றரை. அப்படியென்றால் திருவனந்தபுரத்தில் காலை பத்து, முதல் மணி அடித்து டீச்சர் வருகைப் பதிவை எடுக்கும் நேரம். டி.சி. கொடுத்தாலும் மார்ச் முடியும் வரை பதிவேட்டில் பெயர் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது கௌரி சிவகுமார் என்று கூப்பிட்டிருப்பார்கள். அவள் பெஞ்சிலிருந்து எழுந்து "ப்ரெசன்ட் டீச்சர்" என்று சொல்லியிருப்பாள். நான் அவளுடைய செருப்பின் முன்னால் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன்.